இயர்போனுக்குள் ஓர் ஒப்பாரி

அழுவதற்கென்றே பாட்டுத் தேடிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டிலிருந்து கரூர் போகும் பயணிகள் ரயிலில் கொடுமுடியில் ஏறி இறங்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தால் தெரியும். செல்போனில் வண்டி ஓட்டும்போது கேட்க ஒரு வரிசை, கல்யாண வீட்டு ஆட்டத்துக்கு ஒரு வரிசை, ராத்திரி தனியாகக் கிடந்து அழ ஒரு வரிசை. அந்தக் கடைசி வரிசையில் அடேல் இருப்பார், எரிக் கிளாப்டன் இருப்பார், ஜானி காஷ் இருப்பார். வீட்டில் ‘ஏனுங்க, வாங்க, போங்க’ என்று பேசுகிற பிள்ளைகள்தான். கோபம் தமிழில் வருகிறது, சிரிப்பு தமிழில் வருகிறது. அழுகைக்கு மட்டும் இங்கிலீஷ் பாட்டு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்கக் கொடுமுடியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. தெற்கே பார்த்து வந்த காவிரி கிழக்கே திரும்புகிற இடம் இது. மகுடேசுவரர் கோயிலை ஒட்டிய படித்துறைக்கு, பொழுது நன்றாக விடிவதற்குள்ளேயே அஸ்திக் கலயத்தோடு வண்டிகள் வந்துவிடும். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமிருந்தெல்லாம் சாம்பல் கரைக்கவும் திதி கொடுக்கவும் ஜனங்கள் வருகிறார்கள். ஆடிப் பதினெட்டுக் கொண்டாட்டமும் இதே படிகளில்தான். தமிழ் நாடக மேடை கண்ட பெரிய துக்கக் கதை ஒன்றின் நாயகியான கே.பி.சுந்தராம்பாள் பிறந்ததும் இங்கேதான். அவர் பெயரின் முதல் எழுத்தே இந்த ஊர்.

துக்கம் யாருக்கும் வேண்டாத சரக்கு. துக்கப் பாட்டு மட்டும் எல்லாக் காலத்திலும் விலை போகிறது. இந்த முரண்பாட்டை நம் முன்னோர்கள் கவனிக்காமல் இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடம் நான்கு என்கிறார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் நம்மை இழிவாக நடத்துவது, உயிரையோ பொருளையோ இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்ந்துபோவது, இல்லாமை. சாவு இந்த நான்கில் ஒன்றின் பாதிதான் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய இசையிலும் இதற்கென்று இடம் ஒதுக்கியிருந்தார்கள். இரங்கலின் திணையான நெய்தலுக்கு விளரிப் பண். புறநானூற்றில் கையறுநிலை என்று ஒரு துறையே உண்டு. வடமொழி அழகியலில் கருணரசத்தைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் விவாதித்தார்கள். சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன் காஷ்மீரத்தில் எழுதிய அபிநவகுப்தர், மேடையில் காணும் துக்கம் என்னுடையதுமில்லை, உன்னுடையதுமில்லை, எல்லோருக்கும் பொதுவானதாகிவிடுகிறது, அதனால்தான் அதைச் சுவைக்க முடிகிறது என்ற திசையில் விளக்கம் கொடுத்தார். அழகான விளக்கம். ஆனால் நம் ஊர்ச் சாவு வீட்டில் பாடுகிற பெண்களைக் கேட்டால் கதை நேர் எதிராகப் போகிறது.

அதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். வாசலில் பந்தல். ஆண்கள் வந்தவர்களின் கையைத் தொட்டுவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் போய் உட்கார்ந்து மழையைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் மெதுவாகப் பேசுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்த அத்தை வண்டியை விட்டு இறங்கியதும் ஒன்றும் பேசமாட்டார். சந்து முனை திரும்பியதும் குரல் எழும். அதைக் கேட்டதும் உள்ளே இருக்கும் பெண்கள் எழுந்து வந்து தோளோடு தோள் அணைத்து வட்டமாக உட்கார்ந்து, தலைகளை ஒன்றாகச் சாய்த்துக்கொள்வார்கள். ஒருத்தி ஒப்புச் சொல்லத் தொடங்குவாள். அடி உச்சியில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். கடைசிச் சொல் பாதி சொல்லாகவும் பாதி விசும்பலாகவும் உடையும். அந்த உடைவிலிருந்து அடுத்தவள் எடுப்பாள். ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் குரல் தாங்கும். சிறிது நேரம் கழித்து வயதான அமுச்சி யாராவது, “போதும் கண்ணு, எந்திரி, ஒருவாய்த் தண்ணி குடி” என்பார். உடனே நின்றுவிடும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பையன் எங்கே வேலையில இருக்கான்?” என்று சாதாரணமாகப் பேச்சு தொடங்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் இதை நடிப்பு என்பார்கள். அது பாதி புரிந்தவர்கள் சொல்லும் பேச்சு.

மானுடவியலாளர் இசபெல் கிளார்க்-டிசேஸ் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியில் இருந்து ஒப்பாரிகளைக் கேட்டு ஆராய்ந்தார். 2005-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பே, செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்ற பொருள்பட அமைந்தது. அந்தப் பெண்களே அவரிடம் சொன்னதுதான் அது. செத்தது யாராக இருந்தாலும் அவர்கள் அழுதது தங்கள் பாடுகளுக்காக. பிறந்த வீட்டில் ராணி மாதிரி இருந்து புகுந்த வீட்டில் வேலைக்காரி ஆனது, சீர் செய்ய வராத அண்ணன், தாலி இழந்த பின் ஊர் பார்த்த பார்வை. தொல்காப்பியரின் நான்கையும் இங்கே ஒரே மூச்சில் கேட்கலாம். வேறு எந்த நாளிலும், எந்தச் சபையிலும் மாமியார் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை, பக்கத்து வீட்டுப் பெரியவரின் பிணத்தைச் சாட்சி வைத்துப் பாடிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. கேட்டால், “செத்தவருக்குத்தானே அழுதேன்?”

ஆகவே நல்ல அழுகைக்கு முதலில் வேண்டியது ஒரு மறைப்பு. இன்னொருவரின் துக்கம் அந்த மறைப்பைத் தருகிறது. இங்கிலீஷ் பாட்டுக் கேட்டு அழுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள் என்பது என் எண்ணம். எரிக் கிளாப்டனின் ‘டியர்ஸ் இன் ஹெவன்’ பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1991 மார்ச்சில் நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடியின் 53-ஆவது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து அவருடைய நான்கு வயது மகன் கானர் இறந்தான். வில் ஜென்னிங்ஸோடு சேர்ந்து அந்தத் துக்கத்தை ஒரு படத்துக்கான பாட்டாக எழுதினார். 1993-இல் அதற்கு மூன்று கிராமி விருதுகள் கிடைத்தன. இதைக் கேட்டு அழும் பெருந்துறை ஹாஸ்டல் பையனுக்குப் பிள்ளையும் இல்லை, பிள்ளைத் துக்கமும் இல்லை. அரியர் பேப்பர் இருக்கும், பேசாமல் போன சிநேகிதி இருப்பாள், அப்பா வாங்கிய கடன் இருக்கும். கிளாப்டனின் மகனைச் சாட்சி வைத்து அவன் தன் கணக்கை அழுகிறான்.

ஒப்பாரிக்கும் இதற்கும் ஒரு வேறுபாடும் உண்டு. 2004 வாக்கில் கிளாப்டன் அந்தப் பாட்டை மேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டார். அந்த இழப்பு இப்போது முன்போல் நெஞ்சில் இல்லை, அது இல்லாமல் பாடுவது சரியில்லை என்பது அவர் சொன்ன காரணம். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் பாடினார். பாட்டின் பின்னால் பாடுகிறவரின் வாழ்க்கை உண்மையாக நிற்க வேண்டும் என்று அவரும் நினைத்தார், கேட்பவர்களும் நினைக்கிறார்கள்.

கொடுமுடிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1908-இல் இங்கே வறுமைப்பட்ட வீட்டில் பிறந்த சுந்தராம்பாள், சிறுவயதில் ரயிலில் பாடிக் காசு சேர்த்தவர் என்று அவர் வரலாற்றை எழுதிய பலரும் சொல்கிறார்கள். நாடகக் கம்பெனியில் சேர்ந்து இலங்கைவரை போய்ப் பேர் வாங்கினார். கொழும்பு மேடையில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடித்தார். 1927-இல் மாயவரத்தில் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. உச்சத்தில் பாடும் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஏறுவதைக் கேட்கவே ஜனங்கள் விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் வீட்டில் பிணக்கு, பிரிவு. அப்போது சுந்தராம்பாள் கணவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சாகி வந்திருக்கின்றன. மன்றாடலும் ரோஷமும் மாறி மாறி வரும் அந்தக் கடிதங்களைப் படிப்பவர்களுக்கு ஆங்கிலப் பாட்டு எதுவும் தேவைப்படாது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். வெள்ளைச் சேலை உடுத்தினார், நகையைக் கழற்றினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். 1980-இல் இறக்கும்வரை அந்த முடிவு மாறவில்லை. மீண்டும் நடிக்க வந்தபோது 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமே கட்டினார். அதற்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியது அன்றைக்குப் பெரிய பேச்சு. 1953-இல் ஔவையார், 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள், பிறகு ‘திருவிளையாடல்’, ‘காரைக்கால் அம்மையார்’. எல்லாம் காதலுக்கு வெளியே நின்ற கிழவிகளும் துறவிகளும் பக்தர்களும். மேல்சபை உறுப்பினர் ஆனார். 1970-இல் பத்மஸ்ரீ பெற்றார். சொந்த ஊரில் சினிமாக் கொட்டகையும் கட்டினார்.

கவனித்துப் பார்த்தால் அவர் படங்களில் பாடியதில் அழுகைப் பாட்டு என்று சொல்லத்தக்கவை குறைவு. கோபித்துக்கொண்டு போன முருகனைச் சமாதானம் செய்கிறார், சிவனை அழைக்கிறார், ஊருக்குப் புத்தி சொல்கிறார். ஆனாலும் முதிய ரசிகர்களுக்கு அந்தக் குரலைக் கேட்டதும் கண் கலங்குகிறது. வெள்ளைச் சேலை கண்முன் நிற்பதால் பக்திப் பாட்டே அழுகைப் பாட்டாகிவிடுகிறது. இதே வேலையை இங்கிலீஷில் செய்தவர் ஜானி காஷ். ‘ஹர்ட்’ என்ற பாட்டு 1994-இல் ட்ரெண்ட் ரெஸ்னர் என்ற இளம் ராக் இசைக்காரர் எழுதியது. போதையும் தன்வெறுப்பும் கலந்த இளவயதுப் புலம்பல். 2002-இல் எழுபதை எட்டிய காஷ், தளர்ந்த குரலில் அதைப் பாடினார். காணொளியில் பாழடைந்து மூடிக் கிடந்த அவருடைய சொந்த அருங்காட்சியகம் வருகிறது. விருந்து பரப்பிய மேஜைமேல் நடுங்கும் கையால் மதுவைக் கொட்டுகிறார். படியில் நின்று மனைவி ஜூன் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பியானோவின் மூடியைச் சாத்தி அதன்மேல் கையை வைக்கிறார். அடுத்த மே மாதம் ஜூன் போனார், செப்டம்பரில் அவரும் போனார். ஒரு சொல்கூடப் புரியாதவர்களும் இதைப் பார்த்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். பாட்டு யாருடையது என்பது அப்போது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பாடுகிறவர் யார் என்பதுதான் அழவைத்தது.

அப்படியானால் மெட்டுக்கு வேலையே இல்லையா? உண்டு. 1991-இல் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜான் ஸ்லோபோடா, எந்த இடத்தில் உங்களுக்குக் கண்ணீர் வருகிறது என்று இசை ரசிகர்களிடம் கேட்டுக் குறித்துப் பார்த்தார். கண்ணீர் வந்த இடங்களில் அடிக்கடி தென்பட்டது ஒரு சின்ன உத்தி. சுரம் தான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து, கேட்பவரைத் தவிக்கவிட்டு, பிறகு இடத்துக்கு வந்து சேருவது. 2011-இல் அடேலின் ‘சம்ஒன் லைக் யூ’ உலகத்தை அழவைத்தபோது பத்திரிகைகள் இந்த ஆய்வைத்தான் தூசி தட்டி எடுத்தன. நம் காதுக்கு இது பழகிய சங்கதி. சுபபந்துவராளியில் ஓர் ஆலாபனையைக் கேட்டவர்களுக்குச் சுரம் தவிப்பது என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. தலைவர்கள் இறந்த நாளில் வானொலியில் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்று வீணையும் வயலினும் இழைய ஆரம்பித்தால், செய்தி வருவதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் அடுப்படியை விட்டு வந்து நிற்பார்கள். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்ததைப் பலரும் அப்படித்தான் அறிந்தார்கள்.

மெட்டின் சோகம் மொழியைத் தாண்டும் என்பதற்கும் சான்று இருக்கிறது. இந்துஸ்தானி ராகங்களை முன்பின் கேட்டிராத மேற்கத்தியர்களுக்கு வாசித்துக் காட்டிய ஆய்வு ஒன்று 1999-இல் வந்தது. பால்க்வில், தாம்ஸன் என்ற இருவர் செய்தது. மகிழ்ச்சி, துக்கம், கோபம் மூன்றையும் கேட்டவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். சாந்தத்தில்தான் தடுமாறினார்கள். கேமரூன் நாட்டு மாஃபா மக்களுக்கு மேற்கத்திய இசையைப் போட்டுக் காட்டியபோது அவர்களும் துக்கத்தை இனம் கண்டார்கள். ஆகவே அடேலின் வரி பாதி புரியாமலே கொடுமுடிப் பிள்ளை அழுவதில் வியப்பு இல்லை. 1998-இல் ‘டைட்டானிக்’ தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் ஓடியபோது அந்தப் படத்துப் பாட்டின் புல்லாங்குழல் மெட்டை வாயால் ஊதித் திரிந்தவர்களில் எத்தனை பேர் வரிகளைக் கவனித்தார்கள்?

ஆங்கிலச் சோகப் பாட்டு நமக்கு வெளியாள் என்று நினைப்பதும் முழுக்கச் சரியில்லை. ஈரோட்டில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த ஹெச்.ஏ.பாப்லி, 1921-இல் இந்திய இசையைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமே எழுதியவர். அவர் தமிழ்க் கீர்த்தனைகளைப் பாடினார். இங்குள்ள சபைகளோ ஆங்கில ஞானப்பாட்டின் மெட்டுகளைத் தமிழில் பாடிக்கொண்டிருந்தன. ‘அபைட் வித் மீ’ என்ற பாட்டு, காசநோயில் சாகக் கிடந்த ஹென்றி லைட் என்ற பாதிரியார் 1847-இல் எழுதியது. காந்திக்குப் பிடித்த பாட்டு. அதனால் குடியரசு தினக் கொண்டாட்டத்தை முடித்துவைக்கும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் டெல்லியில் பல்லாண்டு காலம் அதை வாசித்தார்கள். 2022-இல் வெளிநாட்டுப் பாட்டு வேண்டாம் என்று எடுத்தார்கள். அதற்குப் பதிலாக எதை வைத்தார்கள் தெரியுமா? 1963-இல் லதா மங்கேஷ்கர் பாடி நேருவின் கண்ணைக் கலங்க வைத்ததாகச் சொல்லப்படும் இந்திப் பாட்டை. மொழியை மாற்றலாம், அழுகையை எடுக்க முடியவில்லை.

நம்மவர்களே எழுதிய ‘ஆங்கில’ சோகப் பாட்டும் ஒன்று உண்டு. 2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’. காதலில் தோற்றவனின் புலம்பல்தான். நமக்கு அது சிரிப்புப் பாட்டாக ஆகிப்போனது. தமிழ் ஆணுக்குத் துக்கத்தை நேராகச் சொல்ல வராது. ஒன்று இங்கிலீஷைக் கடித்துத் துப்பிக் கேலியாக்க வேண்டும், இல்லையென்றால் குடிக்க வேண்டும். சாவு வீட்டு வட்டத்தில் அவனுக்கு இடம் கிடையாது. அவனுக்குச் சினிமா இடம் கொடுத்தது. 1961-இல் ‘பாசமலர்’ ஓடிய கொட்டகைகளில் இருட்டு இருந்ததால் ஆண்களும் அழுதார்கள். இன்றைக்கும் கொங்குப் பக்கத்துத் தனியார் பஸ்களில் ராத்திரி கடைசி நடையில் ஓடுகிற இளையராஜா சோகப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வருகிற மில் தொழிலாளிகளைப் பார்க்கலாம். இருட்டும் ஒரு மறைப்பு. இயர்போனும் இங்கிலீஷும் சேர்ந்தால் இன்னொரு மறைப்பு. அம்மா கதவைத் திறந்து வந்து பார்த்தாலும் என்ன பாட்டு, எதற்கு அழுகை என்று அவளுக்குத் தெரியாது. கூட்டுக் குடும்பத்து வீட்டில் தாழ்ப்பாள் போட்ட அறை கிடைத்த மாதிரி. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். இங்கிலீஷ் பாட்டு ஆழமாக இருப்பதால் நம் பிள்ளைகள் அதைத் தேடவில்லை. வீட்டில் யாருக்கும் புரியாது என்பதால் தேடுகிறார்கள்.

மறைப்பு கிடைத்துவிட்டது, சரி. அழுதபின் மனம் லேசாகிறதா? இங்கேதான் ஆராய்ச்சிகள் சுவாரசியமாக இருக்கின்றன. தாய்ப்பால் சுரப்போடு தொடர்புடைய ப்ரோலாக்டின் என்ற ஹார்மோன் சோக இசையால் சுரந்து ஆறுதல் தருகிறது என்று 2011-இல் டேவிட் ஹ்யூரன் ஊகித்தார். அழகான ஊகம்தான், ஆனால் பின்னால் அளந்து பார்த்தபோது அதற்குத் துணை கிடைக்கவில்லை. 2014-இல் தருஃபி, கோல்ஷ் இருவரும் 772 பேரிடம் கேட்டுப் பார்த்தபோது, சோகப் பாட்டு அதிகமாக எழுப்பும் உணர்வு துக்கமே அல்ல, பழைய நினைவின் ஏக்கம் என்று தெரிந்தது. பிறர் துயரைத் தன் துயராக உணரும் இயல்பு மிகுந்தவர்களே இத்தகைய பாட்டுகளை அதிகம் ரசிக்கிறார்கள் என்பதை வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. 2015-இல் நெதர்லாந்தில் சோகப் படம் காட்டிச் சோதித்தார்கள். அழுதவர்களின் மனநிலை படம் முடிந்தவுடன் கீழே போனது. 20 நிமிஷத்தில் பழைய நிலைக்கு வந்தது. 90 நிமிஷம் கழித்துப் பார்த்தால் படம் பார்க்கும் முன் இருந்ததைவிட மேலாக இருந்தது. அழாதவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. ஆகவே அழுத கையோடு “எப்படி இருக்கு?” என்று கேட்கக் கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது 2008-இல் பைல்ஸ்மா, விங்கர்ஹூட்ஸ், ராட்டன்பெர்க் மூவரும் பல நாட்டு மாணவர்களின் அழுகை அனுபவங்களைத் திரட்டிச் செய்த ஆய்வு. பெரும்பாலானவர்கள் அழுதபின் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆனால் எல்லோரும் இல்லை. பக்கத்தில் ஆறுதலாக ஒருவர் இருந்தவர்கள், அழுகைக்குக் காரணமானது ஏதோ ஒரு வகையில் தீர்ந்தவர்கள், இவர்களுக்கே அழுகை பலன் தந்தது. வெட்கப்பட்டு அழுதவர்களுக்கு அவ்வளவாகப் பலன் இல்லை. சந்து முனையிலிருந்து குரல் எடுத்து வந்த அத்தைக்கு இந்த ஆய்வு தேவையில்லை. அவளைத் தாங்க எத்தனையோ தோள்கள் இருந்தன, “போதும் கண்ணு” என்று நிறுத்த ஆள் இருந்தது, எல்லோரும் அழுவதால் வெட்கமும் இல்லை.

நிறுத்த ஆள் வேண்டும் என்பதைக் கொங்கு நாடு ஒரு சடங்காகவே வைத்திருக்கிறது. பொன்னர், சங்கர் என்ற சகோதரர்களின் கதையான அண்ணன்மார் கதையை உடுக்கடித்து இரவுக் கணக்கில் பாடுவார்கள். கனடா நாட்டு மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அதை முழுதாக ஒலிப்பதிவு செய்தார். கவிஞர் சக்திக்கனல் 1971-இல் அண்ணன்மார்சுவாமி கதையை அச்சில் கொண்டுவந்தார். பொன்னரும் சங்கரும் மாண்டபின் தங்கை தங்காள் காட்டில் அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு போகிறாளே, அந்த இடத்தில் உடுக்கையின் நடை மாறும். கேட்பவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். வீரப்பூரிலும் கொங்குக் கோயில்கள் பலவற்றிலும் நடக்கும் படுகளத்தில் இது இன்னும் நேராக நடக்கும். அருள் வந்து ஆண்கள் களத்தில் சாய்வார்கள். அவர்களைத் துணியால் போர்த்திவிடுவார்கள். தங்காளின் புலம்பல் பாட்டு நடக்கும். அதற்குப் பிறகு தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார்கள். எழுப்பாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. அழுகைப் பாட்டுக்கு அடுத்து எழுப்புகிற பாட்டு இருந்தே ஆக வேண்டும். சாவு வீட்டிலும் தலை முழுகுவதும் கருமாதியும் அதற்குத்தான்.

செல்போனில் இது கிடையாது. ஒரு சோகப் பாட்டு முடிந்தால் அதைவிடச் சோகமான இன்னொன்றை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. “போதும் கண்ணு” என்று அது சொல்லாது. தருஃபி, கோல்ஷ் ஆய்வில் பங்கேற்றவர்கள் பலரும் தனிமையில் இருக்கும்போதுதான் சோகப் பாட்டை நாடுவதாகச் சொன்னார்கள். தனிமைக்கு மருந்தாகக் கேட்பது தனிமையையே நீட்டிவிடக்கூடும். ஏற்கெனவே மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இப்படி ஓயாமல் கேட்பது நல்லதல்ல. சோகப் பாட்டைக் கண்டு வானொலி அஞ்சியதும் உண்டு. ஹங்கேரியில் 1933-இல் பிறந்து பில்லி ஹாலிடே ஆங்கிலத்தில் பாடிய ‘க்ளூமி சண்டே’யைப் போர்க்காலத்தில் பிபிசி ஒலிபரப்பாமல் தவிர்த்தது. பாட்டின்மேல் பழி போடுவது எளிது. கேட்பவர் தனியாக இருந்தாரா என்று யாரும் கேட்கவில்லை.

பழைய வட்டமும் இப்போது கலைந்துகொண்டுதான் இருக்கிறது. கொங்கு நாட்டுச் சாவு வீடுகளில் ஐஸ் பெட்டி வந்துவிட்டது. சிவனடியார்கள் கயிலாய வாத்தியத்தோடு வந்து சிவபுராணம் ஓதுகிறார்கள். சிவபுராணத்தில் தொடங்கும் திருவாசகமும் அழுகையின் நூல்தான், அழுதால் இறைவனைப் பெறலாம் என்றவர் மாணிக்கவாசகர். 2005-இல் இளையராஜா அதைச் சிம்பொனியாக்கியபோது அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸின் ஆங்கில வரிகளும் இடையில் சேர்ந்தன. தமிழ் அழுகையும் ஆங்கில அழுகையும் ஒரே தட்டில் வந்தது அப்போதுதான். ஆனால் ஓதுவது கூட்டாக ஒரே பாட்டைச் சொல்வது. தன் மாமியாரைப் பற்றி நடுவில் ஒரு வரி சேர்க்க அதில் இடமில்லை. படித்த மருமகள்கள் ஒப்பு வைக்க வெட்கப்படுகிறார்கள். ஓரமாக நின்று கைக்குட்டையால் கண்ணை ஒற்றுகிறார்கள். ராத்திரி போய் இயர்போனை மாட்டுகிறார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெண்ணுக்கு வேறு எங்கும் பேச இடமில்லாததால்தான் ஒப்பாரிக்கு அத்தனை வலு வந்தது. இன்று அவளுக்குப் பேச வேறு இடங்கள் கிடைத்திருந்தால் நல்லதுதான். இங்கிலீஷ் பாட்டுக் கேட்டு அழுவதிலும் தப்பில்லை. ஒரே ஒரு காதை மட்டும் அடைத்துக்கொண்டு, இயர்போனின் மற்றொரு முனையைப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் இன்னும் நல்லது. உங்கள் வீட்டுப் பிள்ளை ராத்திரி அப்படி அழுவது தெரிந்தால், என்ன பாட்டு என்று கேளுங்கள், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புரியாவிட்டாலும் முழுதாகக் கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். கொங்குப் பக்கத்தில் அடி கட்டி அழத் தெரிந்த அமுச்சிகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டுகளைச் செல்போனில் பதிவு செய்து வையுங்கள். வீட்டில் வைத்துக் கேட்டால் பாடமாட்டார்கள், எழவு விழாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பார்கள். தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், வேப்ப மரத்தடியில் உட்காரவைத்துக் கேளுங்கள். யாருக்காகப் பாடினது என்று மட்டும் கேட்காதீர்கள்.